செடிக்குள் புது மரபணு: அக்ரோபாக்டீரியமா, வேறு பாக்டீரியாவா, துப்பாக்கியா?

இந்த ஆண்டில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர், சிங்கப்பூரின் லிம் சூ காங் பக்கம் ஆர்க்கிட் பண்ணை நடத்தும் குடும்பத்துத் தம்பி. டெண்ட்ரோபியம் பூ சீக்கிரம் வாடாமல் இருக்க ஒரு மரபணுவைச் சேர்த்து, வெட்டுப்பூவாக ஜப்பானுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. அடுத்தவர், ஒன்-நார்த்தில் இரண்டு பேரோடு சிறு நிறுவனம் தொடங்கியிருக்கும் அக்கா. அடுக்குப் பண்ணையில் வளர்க்க ஏற்ற லெட்டூஸ் கீரையில் வேலை செய்கிறார். மூன்றாமவர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. அவருக்கு இது இறுதியாண்டுத் திட்டப்பணி.

செடிக்குள் மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பயன்படும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவைப் பற்றி மூவருக்கும் ஒரே பயம். "அக்ரோபாக்டீரியத்துக்கு முழுக்க பேட்டண்ட் (காப்புரிமை) இருக்காமே, பெரிய நிறுவனங்கள் வழக்குப் போடுமாமே, பேசாமல் வேறு வழிக்குப் போய்விடலாமா?" என்று கேட்டார்கள். இருபது ஆண்டுக்கு முன்பு இந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. இன்று பயப்பட வேண்டிய இடம் வேறு. அது எங்கே என்று தெரியாமல் வழியை மாற்றினால் காசும் காலமும்தான் வீணாகும்.

பயம் எங்கிருந்து வந்தது

செடியின் அடித்தண்டில் கட்டி வரச்செய்யும் மண் பாக்டீரியாதான் அக்ரோபாக்டீரியம். கட்டிக்கு இதுவே காரணம் என்று 1907-ல் கண்டார்கள். அதனிடம் இருக்கும் டிஐ பிளாஸ்மிட் என்ற வளைய டிஎன்ஏவை 1974-ல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரக் குழு அடையாளம் கண்டது. அதன் ஒரு துண்டு செடியின் டிஎன்ஏவுக்குள்ளேயே போய் அமர்கிறது என்று 1977-ல் மேரி-டெல் சில்ட்டன் குழு காட்டியது. கட்டி உண்டாக்கும் மரபணுக்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நமக்கு வேண்டியதை வைத்தால், பாக்டீரியாவே அதைச் செடிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். 1983 ஜனவரியில் மயாமியில் நடந்த ஒரே கூட்டத்தில் சில்ட்டன் குழு, கெண்ட் குழு, அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனக் குழு ஆகிய மூன்றும் இதைச் சாதித்ததாக அறிவித்தன.

பிறகு, முதலில் கண்டுபிடித்தது யார் என்ற சண்டை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பல ஆண்டுகள் இழுத்தது. மான்சாண்டோ, ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சிக் கழகம், பேயர் நிறுவனம் ஆகியோர் 2005-ல்தான் சமரசம் செய்துகொண்டு, ஒருவர் தொழில்நுட்பத்தை மற்றவர் பயன்படுத்த உரிமம் கொடுத்துக்கொண்டார்கள். அதுவரை, இந்த முறையை வணிகமாகப் பயன்படுத்தப் பார்த்த சிறு நிறுவனத்துக்கு யாரிடம் போய் உரிமம் கேட்பது என்பதே குழப்பம்.

சண்டை நீண்டதால் காப்புரிமைகளின் ஆயுளும் நீண்டது. அமெரிக்காவில் 1995 ஜூனுக்கு முன் விண்ணப்பித்தவற்றுக்கு, வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு என்ற கணக்கும் செல்லும். 1983-ல் விண்ணப்பித்து 2000-ல் வழங்கப்பட்டது 2017 வரை உயிரோடு இருந்தது. சிங்கப்பூரில் அப்படி இல்லை. இங்கே விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு, அவ்வளவுதான்.

எதை வைத்து ஒப்பிடுவது

எந்த முறை சிறந்தது என்று கேட்கும் முன் ஐந்து விஷயங்களுக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தச் செடி? இருவித்திலையா, ஒருவித்திலையா? திசு வளர்ப்பில் மறுபடி முழுச் செடியாக வருமா?
2. எந்த நாட்டில் செய்கிறீர்கள், எந்த நாட்டில் விற்கப் போகிறீர்கள்? காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. ஆனால் காப்புரிமை பெற்ற முறையால் நேரடியாகக் கிடைத்த பொருளை இறக்குமதி செய்வதும் மீறல் என்று சிங்கப்பூர், அமெரிக்கா, ஜப்பான் மூன்றின் சட்டமும் சொல்கிறது. இங்கே செய்தது இங்கே குற்றமில்லை என்றாலும், பூப்பெட்டி ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் இறங்கும்போது நிலைமை வேறாகலாம்.
3. அந்த முறையின் எந்தப் பகுதி இன்னும் காப்புரிமைக்குள் இருக்கிறது?
4. பாக்டீரிய ஸ்ட்ரெயின் (அதன் குறிப்பிட்ட ரகம்), பிளாஸ்மிட், மரபணு இவையெல்லாம் எங்கிருந்து, எந்த ஒப்பந்தத்தின்படி உங்கள் கைக்கு வந்தன?
5. முடிவில் கிடைக்கும் செடி எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்? மரபணுவின் ஒரே ஒரு படி (பிரதி) உள்ளே போயிருக்க வேண்டுமா, நான்கைந்து போனாலும் பரவாயில்லையா?

நான்காவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். என் அனுபவத்தில் அதிகம் கையைச் சுட்டது அதுதான். சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஒரு குழுவில், நண்பர் ஒருவர் சிறு குழாயில் கொடுத்த வெக்டரை (மரபணுவைச் சுமந்து செல்லும் பிளாஸ்மிட்டை) வைத்தே எல்லா வேலையையும் செய்திருந்தோம். முதலீட்டாளரின் வழக்கறிஞர் வந்து, "இது எங்கிருந்து வந்தது, தாள் எங்கே?" என்று கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. தேடிப் பார்த்தால், அது ஆராய்ச்சிக்கு மட்டும் என்று நண்பருக்குக் கொடுக்கப்பட்டது. பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அந்த வெக்டர் மேல் எந்தக் காப்புரிமையும் உயிரோடு இல்லை. இருந்தும் கட்டமைப்பை முதலிலிருந்து செய்து, செடிகளையும் மறுபடி உருவாக்க வேண்டி வந்தது. ஓராண்டுக்கு மேல் போய்விட்டது.

வழி 1: பழைய அக்ரோபாக்டீரிய முறை

சண்டைக்குக் காரணமான அடிப்படைக் காப்புரிமைகள் முடிந்துவிட்டன. வேண்டிய மரபணுவை ஒரு சிறு பிளாஸ்மிட்டிலும், அதைக் கடத்தும் மரபணுக்களை இன்னொன்றிலும் வைக்கும் இருபிளாஸ்மிட் முறையை நெதர்லாந்தின் லைடன் குழு 1983-ல் வெளியிட்டது. அதற்கும் காலம் கடந்துவிட்டது.

ஆர்க்கிட்காரத் தம்பிக்கு முக்கியமானது இன்னொன்று. ஆர்க்கிட் ஒருவித்திலைத் தாவரம். இந்த பாக்டீரியா இயற்கையில் பெரும்பாலும் இருவித்திலைகளையே தாக்கும் என்பதால், நெல், சோளம் போன்றவற்றுக்கு இது சரிப்படாது என்றே வெகுகாலம் நினைத்தார்கள். ஜப்பான் டொபாக்கோ நிறுவனத்தின் ஹியெய், கொமாரி குழு 1994-ல் நெல்லில் இதை நம்பகமாகச் செய்துகாட்டியது. ஒருவித்திலைகளுக்கான காப்புரிமையும் அந்நிறுவனத்திடம்தான் இருந்தது. "ஜப்பானுக்கு அனுப்பப் போகிறேன், அவர்கள் பேட்டண்டுதானே அங்கே இடிக்கும்?" என்று தம்பி கேட்டது சரியான கேள்வி. 1990-களின் தொடக்கத்தில் விண்ணப்பித்த அந்த அடிப்படைக் காப்புரிமை 2010-களிலேயே முடிந்துவிட்டது.

நம் ஊரிலேயே முன்னுதாரணம் உண்டு. டெண்ட்ரோபியத்தில் அக்ரோபாக்டீரியம் வழியாக மரபணு செலுத்தியதைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2001-லேயே வெளியிட்டிருக்கிறது.

செடியின் தரத்தில் இந்த வழியை அடிக்க ஆளில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு படிகளே, ஓரளவு முழுசாக உள்ளே போகின்றன. தனிக் கருவி வேண்டாம். நல்ல திசு வளர்ப்பு அறையும் பொறுமையான கையும் போதும்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. வேலை முடிந்த பாக்டீரியாவைச் செடித் திசுவிலிருந்து ஒழிக்க வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஊடகம் மாற்ற வேண்டும். ஆர்க்கிட்டில் இது பெரிய தொல்லை, மாதங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டும். சில செடிகளில் வெக்டரின் முதுகுப் பகுதியும் சேர்ந்து உள்ளே போய்விடும். ஒழுங்குமுறை அதிகாரிகள் அதைக் கேட்பார்கள். அப்படிப்பட்ட செடிகளைக் கழித்துவிட வேண்டும். அப்புறம், நீங்கள் செலுத்தும் மரபணுவுக்கே தனிக் காப்புரிமை இருக்கலாம். பூவை வாடவைக்கும் எத்திலீன் வாயு சம்பந்தப்பட்ட, வாடுவதைத் தள்ளிப்போடும் மரபணுக்கள் பலவற்றுக்கு ஒரு காலத்தில் இருந்தது. முறை இலவசமாகிவிட்டது என்பதால் சரக்கும் இலவசம் ஆகாது.

வழி 2: புதிய மேம்பாடுகளோடு, உரிமம் வாங்கி

சில செடிகளில் பாக்டீரியா மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், ஆனால் அந்த உயிரணு மறுபடி செடியாக வராது. இதற்கு மருந்தாக வந்தவைதான் வளர்ச்சியைத் தூண்டும் மரபணுக்கள். பேபி பூம், வுஷெல் என்ற இரண்டையும் சேர்த்துச் செலுத்தினால் சோளம் போன்ற பயிர்களில் பலமடங்கு வெற்றி கிடைப்பதை இப்போது கோர்ட்டேவா என்ற பெயரில் இருக்கும் விதை நிறுவனத்தின் குழு 2016-ல் காட்டியது. ஜிஆர்எஃப்-ஜிஐஎஃப் என்ற இணைப்பைக் கோதுமையில் 2020-ல் காட்டினார்கள். இவற்றுக்கெல்லாம் காப்புரிமை உண்டு, ஆயுளும் இன்னும் நிறைய உண்டு. இன்று பயப்பட வேண்டிய இடம் இதுதான்.

உரிமம் வாங்குவது தோல்வி இல்லை. உங்கள் செடி பிடிவாதமானது, விற்பனை அமெரிக்காவில், கையில் முதலீடு இருக்கிறது என்றால் இதுவே சரியான வழி. ஆனால் நுழைவுக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். விற்பனையில் பங்கு, எந்தப் பயிருக்கு மட்டும் அனுமதி, நீங்கள் கண்டுபிடிக்கும் மேம்பாட்டை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்பவையே பின்னால் கடிப்பவை. பேச்சுவார்த்தைக்கே மாதங்கள் ஆகும், வழக்கறிஞர் செலவு தனி. ஆராய்ச்சி உரிமம் சுலபமாகக் கிடைக்கும். அதை நம்பி மூன்று ஆண்டு வேலை செய்துவிட்டு வணிக உரிமம் கேட்கப் போனால் பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது. ஆராய்ச்சி உரிமத்தில் கையெழுத்துப் போடும்போதே வணிக உரிமத்தின் விலை வரம்பைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வழி 3: வேறு பாக்டீரியா

இதன் பின்னால் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் கேம்பியா என்ற லாபநோக்கமற்ற அமைப்பை ரிச்சர்ட் ஜெஃபர்சன் நடத்தினார். காப்புரிமை வேலிக்குள் ஏழை நாட்டு ஆய்வாளர்கள் மாட்டிக்கொள்வதைப் பார்த்து, அவர் குழு ஒரு வேலை செய்தது. அக்ரோபாக்டீரியம் என்ற பெயரில்தானே உரிமைகோரல்கள் எழுதப்பட்டிருக்கின்றன, வேறு பாக்டீரியாவுக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தால் என்ன? பயறுவகை வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம், சைனோரைசோபியம், மீசோரைசோபியம் வகை பாக்டீரியாக்களுக்கு, நோய்த்தன்மை நீக்கிய டிஐ பிளாஸ்மிட்டைக் கொடுத்தார்கள். புகையிலை, நெல், ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் அராபிடாப்சிஸ் செடி மூன்றிலும் மரபணு போய்ச் சேர்ந்தது. 2005 பிப்ரவரியில், அந்தப் பெரிய நிறுவனங்கள் சமரசம் செய்த அதே மாதத்தில், இதை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். டிரான்ஸ்பாக்டர் என்று பெயரிட்டு, மேம்பாடுகளைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொள்பவர்களுக்குத் திறந்த உரிமத்தில் கொடுத்தார்கள். அறிவு எல்லோருக்கும் வேண்டும் என்று முழுமனதோடு செய்த காரியம் அது.

ஆனாலும் இன்று உங்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலான செடிகளில் அதன் வெற்றி விகிதம் அக்ரோபாக்டீரியத்தைவிடக் குறைவு. செய்முறைகள் குறைவு, ஏதாவது தவறினால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் குறைவு. எந்த வேலியைத் தாண்ட அது பிறந்ததோ, அந்த வேலியே இப்போது இல்லை. அயர்லாந்தில் என்சிஃபர் ஓவி14 என்ற இன்னொன்றை எடுத்து, 2012-ல் கருகல் நோயைத் தாங்கும் உருளைக்கிழங்கை உருவாக்கினார்கள். நல்ல வேலைதான். அங்கும் நம் பயிருக்கான அனுபவம் போதாது.

இன்னொரு எச்சரிக்கை. அக்ரோபாக்டீரியம் இல்லை என்றால் காப்புரிமையும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஒக்ரோபாக்ட்ரம் வகை பாக்டீரியாவால் சோயாவில் மிக நல்ல பலன் கிடைப்பதைக் கோர்ட்டேவா குழு 2022-ல் வெளியிட்டது. அந்த முறைக்கான காப்புரிமை அவர்களிடமே இருக்கிறது. இன்றைய நிலையில் பழைய பாக்டீரியாதான் சுதந்திரம், புதியது வேலிக்குள்.

இந்த வழி யாருக்கு? அக்ரோபாக்டீரியம் பட்டாலே திசு கறுத்துச் சாகும் செடியை வைத்திருப்பவருக்கும், பாக்டீரியாவையே ஆராய்பவருக்கும்.

வழி 4: மரபணுத் துப்பாக்கி

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜான் சான்ஃபோர்டு குழு 1980-களில் உருவாக்கியது. டங்ஸ்டன் அல்லது தங்கத் துகளில் டிஎன்ஏவைப் பூசி, ஹீலிய அழுத்தத்தால் திசுவுக்குள் சுடுவார்கள். 1987-ல் வெங்காயத் தோலில் காட்டினார்கள். ஹவாயில் 1992-லேயே டெண்ட்ரோபியத்தில் செய்துவிட்டார்கள், ஆர்க்கிட்டில் இதற்குத்தான் மூப்பு. அடிப்படைக் காப்புரிமை முடிந்துவிட்டது. பாக்டீரியாவே இல்லாததால் ஒழிக்கும் தொல்லையும் இல்லை.

ஆனால் கருவி பல பத்தாயிரம் வெள்ளி. தங்கத்துகள், வெடிக்கும் தகடு, ஹீலியம் என்று ஒவ்வொரு சுடுதலுக்கும் செலவு. அதைவிடப் பெரிய செலவு பின்னால் வரும். பல படிகள், உடைந்த துண்டுகள், தாறுமாறாக உள்ளே அமரும். மரபணு சில தலைமுறையில் அடங்கிப்போகவும் செய்யும். ஒரு நல்ல செடிக்காக நூறு செடியைச் சோதிக்க நேரலாம். பொதுக் கருவி வசதியில் மணிக்கணக்கு வாடகைக்குக் கிடைத்தால், அக்ரோபாக்டீரியம் தோற்ற செடிக்கு மட்டும் முயலுங்கள்.

ஒரே பார்வையில்

| | காப்புரிமை இன்று | பணம், காலம் | செடியின் சுத்தம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பழைய அக்ரோபாக்டீரியம் | அடிப்படை முடிந்தது | குறைவு | நன்று | பாக்டீரியாவை ஒழிப்பது, ஸ்ட்ரெயின், வெக்டர் தாள்கள் |
| புதிய மேம்பாடுகள் | உயிரோடு இருக்கிறது | அதிகம் | நன்று | விற்பனைப் பங்கு, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை |
| வேறு பாக்டீரியா | வகைக்கு வகை மாறும் | நடுத்தரம், காலம் அதிகம் | நன்று | குறைந்த வெற்றி, அனுபவமின்மை |
| துப்பாக்கி | அடிப்படை முடிந்தது | கருவி விலை | சுமார் | நூற்றுக்கணக்கில் சோதனை |

மரபணுவைச் சேர்க்கத்தான் வேண்டுமா?

ஒன்-நார்த் அக்காவிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான். அவருக்கு வேண்டியது லெட்டூஸில் ஏற்கெனவே இருக்கும் ஒரு மரபணுவை அணைப்பது. அதற்கு வெளி டிஎன்ஏ தேவையே இல்லை. கிரிஸ்ப்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியின் புரதத்தையும், அதற்கு இடம் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவையும் நேரடியாகச் செலுத்தி, சுவர் நீக்கிய லெட்டூஸ் உயிரணுவைத் திருத்தி முழுச் செடியாக வளர்த்ததைக் கொரியக் குழு 2015-ல் வெளியிட்டது. சிங்கப்பூர் உணவு அமைப்பும் 2024-லிருந்து, வெளி டிஎன்ஏ இல்லாத, வழக்கமான பயிர்ப்பெருக்கத்திலும் வரக்கூடிய மாற்றம் மட்டுமே உள்ள உணவுப்பயிரை மரபணு மாற்றப் பயிரிலிருந்து வேறாகப் பார்க்கிறது. இது அவருக்குப் பெரிய சுமைக்குறைப்பு. ஆனால் கிரிஸ்ப்பர் காப்புரிமைகள் முழு உயிரோடு இருக்கின்றன. வேளாண்மையில் வணிக உரிமத்துக்குக் கோர்ட்டேவா, அமெரிக்காவின் பிராட் ஆராய்ச்சி நிறுவனம் பக்கம்தான் போக வேண்டும். பாக்டீரியக் காப்புரிமைக்குப் பயந்தவர் இதைக் கேட்டுச் சற்று யோசித்தார். உரிமச் செலவையும் அனுமதிச் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகு, அவருக்கு இதுவே மலிவாக வந்தது.

இந்த பாக்டீரியாவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு நினைவுக்கு வரும். பொங்கல் நேரத்தில் தேக்கா சந்தையில் குவித்து வைத்திருப்பார்களே, அதேதான். பயிரிடப்படும் சர்க்கரைவள்ளி வகைகளுக்குள் அக்ரோபாக்டீரியத்தின் டிஎன்ஏ இயற்கையாகவே இருப்பதைக் கெண்ட் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2015-ல் காட்டினார்கள். எந்த ஆய்வகமும் எந்த உரிமமும் இல்லாமல் நடந்த மரபணு மாற்றம் அது. நம் பாட்டிமார் அவித்துக் கொடுத்ததும் அதைத்தான்.

மூவருக்கும் நான் சொன்னது

மாணவிக்கு: பழைய அக்ரோபாக்டீரிய முறை, புகையிலையில். சிங்கப்பூர்க் காப்புரிமைச் சட்டம், தனிப்பட்ட முறையில் வணிக நோக்கமின்றிச் செய்வதற்கும், கண்டுபிடிப்பின் பொருள் சார்ந்த சோதனைக்கும் விலக்கு தருகிறது. ஆனால் ஒரு கண்டுபிடிப்பைச் சோதிப்பது வேறு, அதைக் கருவியாக வைத்து இன்னொன்றைச் சோதிப்பது வேறு. இரண்டாவதற்கு அந்த விலக்கு பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் 2002-ல் டியூக் பல்கலைக்கழக வழக்கில், பல்கலைக்கழக ஆய்வு என்பதாலேயே தப்பிக்க முடியாது என்று தீர்ப்பானது. அதனால்தான் காலம் முடிந்த முறையையே எடுக்கச் சொன்னேன். ஆய்வகத்தின் உயிரியல் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும்.

ஒன்-நார்த் அக்கா திருத்தும் வழியைத் தேர்ந்துவிட்டார். புதிய மரபணுவைச் சேர்க்கும் இரண்டாவது திட்டம் ஒன்று வைத்திருக்கிறார். அதற்கு வழி 1. லெட்டூஸ் அக்ரோபாக்டீரியத்துக்கு நன்றாகவே இணங்கும், வழி 2-க்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஆர்க்கிட்காரத் தம்பிக்கு வழி 1, அது கைகொடுக்காவிட்டால் மட்டும் துப்பாக்கி. ஆனால் அவருக்குக் காப்புரிமையைவிடப் பெரிய செலவு அனுமதி. இங்கே மரபணு மாற்ற ஆலோசனைக் குழு இருக்கிறது. ஜப்பானோ மரபணு மாற்றிய உயிரிகளின் பாதுகாப்புக்கான கார்ட்டஹீனா உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. மரபணு மாற்றிய பூவைக்கூட அதற்கான சட்டப்படி மதிப்பிட்டே உள்ளே விடும். ஆர்க்கிட் விதைமுளையிலிருந்து பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்பதையும் சேர்த்தால், முதல் பெட்டி கப்பலேற வெகுகாலம் பிடிக்கும். இதையெல்லாம் கேட்டும் அவர் ஆசை குறையவில்லை. அடுத்த வாரம் எந்த ஸ்ட்ரெயினை யாரிடம் வாங்கலாம் என்று பார்க்கப் போகிறோம். வாங்கும் முன்பு ஒப்பந்தத் தாளை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதில் 'வணிகப் பயன்பாடு', 'கைமாற்றம்' என்ற சொற்கள் வரும் பத்திகளை இருவரும் உட்கார்ந்து வரிவரியாக வாசிக்க வேண்டும்.